ஏரோஜெல்லும் விண்வெளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரோஜெல் என்றால் என்ன?

ஈரமான ஜெல் ஒன்றிலிருந்து திரவத்தை முழுவதும் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் திடச் சட்டகம் மட்டும் சுருங்காமல் நிற்கும்படி செய்தால் கிடைப்பது ஏரோஜெல். திரவம் இருந்த இடத்தில் காற்று வந்து நிரம்பிக்கொள்கிறது. 1931இல் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் இதை முதலில் செய்து காட்டினார்.

விண்வெளிப் பயணங்களில் அதிகம் பயன்பட்டிருப்பது சிலிக்கா ஏரோஜெல். மணலும் கண்ணாடியும் எந்தச் சேர்மத்தால் ஆனவையோ அதே சிலிக்கன் டை ஆக்சைடுதான் இதன் சட்டகம். சில நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நிற்கும். இடையிலுள்ள துளைகள் பெரும்பாலும் 2 முதல் 50 நானோமீட்டர் வரை இருக்கும். கன அளவில் 95 விழுக்காட்டுக்கு மேல், சில வகைகளில் 99.8 விழுக்காடு வரை காற்றுதான். இந்தத் துளைகளின் அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் ஏறக்குறைய எல்லாமே அதில்தான் வந்து நிற்கும்.

உலகிலேயே லேசான திடப்பொருள் இதுதானா?

ஒரு காலத்தில் ஆம். கலிபோர்னியாவின் பாசடீனாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகம் செய்த சிலிக்கா ஏரோஜெல், கன சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம் என்ற அடர்த்தியுடன் 2002இல் கின்னஸ் பதிவில் ஏறியது. 2012இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் செய்த ஏரோகிராஃபைட் என்னும் கார்பன் பொருள் 0.18 மில்லிகிராமுக்கும், 2013இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகம் செய்த கிராஃபீன் ஏரோஜெல் 0.16 மில்லிகிராமுக்கும் இறங்கின.

காற்றின் அடர்த்தியே சுமார் 1.2 மில்லிகிராம் ஆயிற்றே, இவை ஏன் மேலே மிதப்பதில்லை என்று பலரும் கேட்கிறார்கள். இந்த எண்கள் சட்டகத்தின் எடையை மட்டும் சொல்பவை. துளைகள் திறந்தவை என்பதால் உள்ளே காற்று இருக்கிறது, அதன் எடையும் சேர்ந்துகொள்கிறது.

சாதனை எண்களைப் பார்த்து ஏரோஜெல்லை மதிப்பிட வேண்டாம். விண்கலத்தில் வேலை செய்யும் ஏரோஜெல்கள் பெரும்பாலும் சாதனை அளவைவிடப் பல மடங்கு கனமானவை. லேசாக இருப்பது மட்டுமே வேண்டுமென்றால் வேறு வழிகள் பல உண்டு.

அப்படியானால் வெப்பத்தை ஏன் இவ்வளவு நன்றாகத் தடுக்கிறது?

வெப்பம் மூன்று வழியில் கடக்கும்: திடப்பொருள் வழியாக, வாயு வழியாக, கதிர்வீச்சாக. ஏரோஜெல்லில் திடப்பொருளே சொற்பம். இருப்பதும் வளைந்து நெளிந்த சங்கிலிகள், பாதி வழியில் முடிந்துபோகும் கிளைகள். எனவே முதல் வழி குறுகிவிடுகிறது.

இரண்டாவது வழிதான் சுவையானது. சாதாரண அழுத்தத்தில் காற்று மூலக்கூறு ஒன்று மற்றொன்றோடு மோதும் முன் சராசரியாகச் சுமார் 70 நானோமீட்டர் பயணம் செய்யும். ஏரோஜெல்லின் துளையோ அதைவிடச் சிறியது. மூலக்கூறு இன்னொரு மூலக்கூறைச் சந்திப்பதற்குள் சுவரில் மோதிவிடுகிறது, ஆற்றலைக் கைமாற்றிக்கொடுக்க ஆளில்லாமல் போகிறது. அதனால்தான் ஏரோஜெல்லுக்குள் இருக்கும் காற்று, அசையாத திறந்த காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்துகிறது. அசையாத காற்றின் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.026 வாட். நல்ல சிலிக்கா ஏரோஜெல்லுக்கு 0.015 அளவில்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பு, 25 மில்லிமீட்டர் தடிப்பு, இரு பக்கமும் 100 டிகிரி வேறுபாடு. ஏரோஜெல் வழியாக 60 வாட் கசியும். தெர்மாகோலின் கடத்துதிறனை 0.035 என்று வைத்தால் 140 வாட்.

மூன்றாவது வழியில்தான் சிலிக்கா ஏரோஜெல் சறுக்குகிறது. 3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்புக் கதிர்களை அது ஓரளவு அப்படியே விட்டுவிடும். வெப்பநிலை ஏற ஏற இந்தக் கசிவு பெரிதாகும். இதைத் தடுக்கக் கார்பன் தூளையோ டைட்டானியம் டை ஆக்சைடையோ கலந்து ஒளிபுகாததாக ஆக்குவார்கள்.

விண்வெளி வெற்றிடம்தானே? அங்கே இது எதற்கு?

சரியான கேள்வி. வெற்றிடத்தில் பெரும்பாலும் தேவையில்லை.

செயற்கைக்கோள்களைப் போர்த்தியிருக்கும் பொன்னிறப் போர்வையைப் பார்த்திருப்பீர்கள். உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் பல, ஒன்றையொன்று அதிகம் தொடாதபடி அடுக்கப்பட்டவை. வாயுவே இல்லாத இடத்தில் கதிர்வீச்சை மட்டும் தடுத்தால் போதும், அதை இந்தப் பல்லடுக்குப் போர்வை மிகச் சிறப்பாகச் செய்கிறது. நல்ல வெற்றிடத்தில் ஏரோஜெல் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. தாழ்புவிச் சுற்றுப்பாதையில் சுற்றும் ஒரு பெட்டியை ஏரோஜெல்லால் மூட நினைத்தால் அது வீண் எடை.

வாயு கொஞ்சம் இருந்தாலும் நிலைமை தலைகீழ். செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் சுமார் 6 மில்லிபார், பூமியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவே போதும், பல்லடுக்குப் போர்வையின் இடைவெளிகளில் கார்பன் டை ஆக்சைடு புகுந்து வெப்பத்தைக் கடத்திவிடும். அந்த அழுத்தத்தில் மூலக்கூறுகள் மோதாமல் போகும் தூரம் சில மைக்ரோமீட்டர். போர்வையின் இடைவெளியும் சாதாரண நுரையின் குமிழும் அதைவிடப் பெரியவை. ஏரோஜெல்லின் துளை அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே செவ்வாயில் ஏரோஜெல்லுக்குள் வாயு வழிக் கடத்தல் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. பூமியில் வேலை செய்வதைவிட அங்கே அது நன்றாக வேலை செய்யும்.

செவ்வாய் ஊர்திகளில் எந்த இடத்தில் வைத்தார்கள்?

மின்னணுப் பெட்டியின் சுவர்களுக்குள். 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டருடன் தரையிறங்கிய சோஜர்னர் சுமார் 10.5 கிலோ எடையுள்ள குட்டி ஊர்தி. அதன் மின்கலம், கணினி ஆகியவற்றை வைத்த பெட்டியின் சுவரில் சிலிக்கா ஏரோஜெல் இருந்தது. 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி இரண்டிலும் கார்பன் கலந்த ஏரோஜெல்.

ஏரோஜெல் வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. அதனால் சோஜர்னரில் மூன்று, பிந்தைய இரட்டை ஊர்திகளில் எட்டெட்டு என, ஒவ்வொன்றும் ஒரு வாட் வெப்பம் தரும் புளூட்டோனியக் குளிகைகளை உள்ளே வைத்தார்கள். வெளியே இரவில் வெப்பநிலை மைனஸ் 90க்குக் கீழே போனாலும் உள்ளே மைனஸ் 40 முதல் பிளஸ் 40 டிகிரி செல்சியஸ் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பது இரட்டை ஊர்திகளின் வடிவமைப்பு இலக்கு.

இங்கே கோளாறு வருவது ஏரோஜெல்லின் நடுவில் அல்ல, ஓரங்களில். பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு செம்புக் கம்பியும், ஒவ்வொரு திருகாணியும் வெப்பம் வெளியேற ஒரு பாதை. சுவரை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கம்பிக் கற்றை ஒன்று அதன் பலனில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். தூண்களைக் கண்ணாடியிழையிலோ டைட்டானியத்திலோ செய்வதும், கம்பிகளை மெல்லியதாக, நீண்ட சுற்றுப் பாதையில் கொண்டுபோவதும் இதனால்தான்.

எப்படிச் செய்கிறார்கள்? அளவுகளோடு சொல்ல முடியுமா?

ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரே படிச் செய்முறை இது.

முதல் கரைசல்: 50 மில்லி டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், 40 மில்லி எத்தனால். இரண்டாம் கரைசல்: 35 மில்லி எத்தனால், 70 மில்லி நீர், 30 விழுக்காட்டு அம்மோனியா நீர் 0.275 மில்லி, 0.5 மோலார் அம்மோனியம் புளூரைடு 1.21 மில்லி. முதலாவதைக் கலக்கிக்கொண்டே இரண்டாவதை மெதுவாக ஊற்றி, அச்சில் வார்த்துவிட வேண்டும். அறையின் வெப்பத்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உறையும்.

அடர்த்தி என்ன வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 50 மில்லி ஆர்த்தோசிலிகேட்டில் இருந்து கிடைப்பது சுமார் 13.5 கிராம் சிலிக்கா. மொத்தக் கன அளவு ஏறத்தாழ 196 மில்லி. வகுத்தால் 0.069. உலரும்போது கொஞ்சம் சுருங்குவதையும் சேர்த்தால் கன சென்டிமீட்டருக்கு 0.08 கிராம் அளவில் நிற்கும். இன்னும் லேசாக வேண்டுமென்று இதிலேயே எத்தனாலைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உறையவே உறையாது. மிகக் குறைந்த அடர்த்திக்கு அமிலத்தில் ஒரு முறை, காரத்தில் ஒரு முறை என இரு படி முறைதான் சரி.

உறைந்ததும் உடனே உலர்த்தக் கூடாது. சட்டகம் வலுப்பெற ஒரு நாளாவது எத்தனாலில் மூழ்கி இருக்க வேண்டும். பிறகு புதிய எத்தனாலை மாற்றி மாற்றி ஊற்றி உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். அடுத்த கட்டமான உலர்த்தலில் எத்தனாலை அலசி வெளியேற்றும் திரவக் கார்பன் டை ஆக்சைடும் நீரும் கலப்பதில்லை. நீர் மிஞ்சிய இடமெல்லாம் கடைசியில் வெள்ளைத் திட்டாகவும் விரிசலாகவும் தெரியும்.

உலர்த்துவது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்?

திரவம் ஆவியாகப் பின்வாங்கும்போது அதன் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. 20 நானோமீட்டர் விட்டமுள்ள துளையில் எத்தனால் இருந்தால் அந்த இழுப்பு சுமார் 44 வளிமண்டல அழுத்தம். நீர் இருந்தால் 140. மெல்லிய சிலிக்கா இழை இதைத் தாங்காது. திறந்து வைத்து உலர்த்தினால் பல மடங்கு சுருங்கி, நொறுங்கிப்போகும்.

ஆகவே திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே பரப்பே இல்லாத நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு மாறுநிலைப் புள்ளியை, அதாவது திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துபோகும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும், கடக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31.1 டிகிரி, 73.8 பார். அழுத்தக் கலனில் 5 முதல் 10 டிகிரியில் திரவக் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி எத்தனாலை முழுவதும் அலசி வெளியேற்றுவார்கள். தடித்த கட்டிகளுக்கு இது மட்டுமே சில நாட்கள் எடுக்கும். அப்புறம் 31 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே வைத்து அழுத்தத்தை இறக்குவார்கள். மணிக்கு 7 பார் என்பது பாதுகாப்பான வேகம். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே சிக்கிய வாயு கட்டியைப் பிளந்துவிடும்.

பழைய முறையில் ஆல்கஹாலையே மாறுநிலைக்குக் கொண்டுபோவார்கள். மெத்தனாலுக்கு அது சுமார் 240 டிகிரி, 80 பார். 1984இல் சுவீடனில் இந்த முறையில் இயங்கிய ஆலையின் கலனில் மெத்தனால் கசிந்து பெரிய வெடிவிபத்து நடந்தது. இதைத் தவிர்க்கத்தான் கார்பன் டை ஆக்சைடு முறை பரவியது. அதற்கும் நூறு பார் தாங்கும், சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கலன் வேண்டும். வீட்டுப் பட்டறையில் குழாய்களை இணைத்து முயல வேண்டாம். ஜெல்லை உறைய வைப்பது வரை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நன்றாகவே செய்து பார்க்கலாம்.

வால்மீன் தூசியைப் பிடிக்க ஏரோஜெல்தான் வேண்டும் என்று ஏன் முடிவு செய்தார்கள்?

ஸ்டார்டஸ்ட் விண்கலம் 1999 பிப்ரவரி 7 அன்று ஏவப்பட்டு, 2004 ஜனவரி 2 அன்று வில்ட் 2 வால்மீனைச் சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. தூசி வந்து மோதிய வேகம் நொடிக்கு 6.1 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கிராமுக்கு 18.6 கிலோஜூல் இயக்க ஆற்றல், அதே எடை டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றலைப்போல நான்கு மடங்குக்கும் மேல். உலோகத் தட்டில் மோதினால் துகள் ஆவியாகிவிடும், மிஞ்சுவது குழி மட்டும்.

மோதலை ஒரே கணத்தில் முடிக்காமல் நீட்டிக்க வேண்டும். ஏரோஜெல்லுக்குள் துகள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு உடைப்பும் ஆற்றலில் சிறிதளவைப் பறிக்கிறது. கடைசியில் துகள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் நின்றுவிடும். பாலிஸ்டைரீன் நுரையும் இதைச் செய்யும், ஆனால் அது ஒளி ஊடுருவாதது. ஏரோஜெல்லின் துளைகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் ஒளி பெரும்பாலும் நேராகக் கடக்கிறது, நீல ஒளி மட்டும் கொஞ்சம் சிதறுகிறது. எனவே நுண்ணோக்கியில் துகள் நின்ற இடத்தைக் கண்ணாலேயே தேடிப் பிடிக்கலாம். தேடும்போது இந்த ஒரு வசதி மாதக்கணக்கில் உழைப்பை மிச்சப்படுத்தும்.

சேகரிப்புத் தட்டின் அமைப்பு என்ன?

அலுமினியச் சட்டத்தில் 132 ஏரோஜெல் ஓடுகள். பெரும்பாலானவை 2க்கு 4 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் தடிப்பு. மொத்தப் பரப்பு ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தட்டின் மறுபக்கத்தில் விண்மீன்களிடைத் தூசிக்காக ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள இன்னொரு தொகுதி.

நம்மைக் கவர்வது அடர்த்திப் படிநிலை. முகப்பில் கன சென்டிமீட்டருக்குச் சில மில்லிகிராம், உள்ளே போகப் போகக் கூடி அடியில் சுமார் 50 மில்லிகிராம். துகள் வேகமாக இருக்கும்போது மென்மையான பகுதியைச் சந்திக்கிறது, வேகம் குறைந்த பிறகு கெட்டியான பகுதி அதை நிறுத்துகிறது. ஒரே அடர்த்தியில் செய்திருந்தால் ஒன்று மோதியவுடன் நொறுங்கும், இல்லையேல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

ஓடுகளைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. ஓட்டைச் சட்டத்தில் உறுதியாகப் பிடிக்கவும், பின்னர் சேதமின்றி வெளியே எடுக்கவும் அது உதவியது. அந்தத் தாளிலேயே தூசி மோதிய குழிகளும் கிடைத்தன. அவை பிறகு மிகவும் பயன்பட்டன.

சிக்கிய துகளை வெளியே எடுப்பது எப்படி?

2006 ஜனவரி 15 அன்று மாதிரிப் பேழை யூட்டா பாலைநிலத்தில் இறங்கியது. அதன் பின் வேலை தூய அறையில். துகள் போன பாதை கேரட் வடிவத்தில் வாய் அகன்று நுனி குறுகி இருக்கும். எளிதில் உடையும் துகளாக இருந்தால் வாயருகே பெரிய குமிழாக வீங்கி, அதிலிருந்து பல வேர்கள் கிளம்பும். நுனியில் இருப்பதை மட்டும் எடுத்தால் போதாது. வழி நெடுகச் சிதறியதும் அதே துகளின் பகுதிதான்.

எனவே கணினி இயக்கும் நுண்கைகளில் மெல்லிய கண்ணாடி ஊசிகளைப் பொருத்தி, ஆயிரக்கணக்கான முறை குத்திக் குத்தி, தடம் முழுவதையும் அடக்கிய ஆப்பு வடிவத் துண்டாக வெட்டி எடுக்கிறார்கள். அந்தத் துண்டை அப்படியே எக்ஸ்-கதிர் ஆய்வுக்கு அனுப்பலாம். சாதாரணக் கத்தியை அழுத்தினால் ஏரோஜெல் வெட்டுப்படாமல் ஒழுங்கற்று உடையும், உடைப்பு தடத்தின் குறுக்கே ஓடிவிடும்.

முடிவுகளை ஏரோஜெல் கெடுக்கவில்லையா?

ஓரளவு கெடுத்தது. துகளின் வெளிப்பகுதி உருகி, உருகிய சிலிக்காவோடு கலந்துவிட்டது. ஆகவே வால்மீனின் சொந்தச் சிலிக்கன் எவ்வளவு, ஏரோஜெல்லின் சிலிக்கன் எவ்வளவு என்று பிரிப்பது பல தடங்களில் கடினமாயிற்று. ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. செய்முறையில் மிஞ்சிய கார்பன் சேர்மங்களும் ஏரோஜெல்லில் இருந்தன. வால்மீனின் கரிமப்பொருளைத் தேடுபவருக்கு இது பெரும் தலைவலி.

பெரிய துகள்களின் உட்பகுதி நன்றாகவே தப்பியது. கடும் வெப்பத்தில் மட்டுமே உருவாகும் ஆலிவின் போன்ற கனிமங்கள் குளிர்ப் பிரதேசத்தில் பிறந்த வால்மீனில் இருப்பது அவற்றால்தான் தெரியவந்தது. சூரியனுக்கு அருகில் உருவான பொருள் வெளி விளிம்பு வரை கொண்டுபோகப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். 2009இல் கிளைசின் என்னும் அமினோ அமிலம் வால்மீனிலிருந்தே வந்தது என்பதைக் கார்பன் ஐசோடோப்புகளால் உறுதிசெய்தபோது, அளந்தது ஓடுகளுக்கு இடையிலிருந்த அலுமினியத் தாளில். 2014இல் அறிவிக்கப்பட்ட, விண்மீன்களிடை வெளியிலிருந்து வந்திருக்கக்கூடிய ஏழு துகள்களில் மூன்று ஏரோஜெல்லிலும் நான்கு தாளின் குழிகளிலும் கிடைத்தன. அடுத்த முறை யாராவது இத்தகைய தட்டைச் செய்தால், தாளை வெறும் பொதிப்பொருளாக நினைக்காமல் இரண்டாவது சேகரிப்பானாகவே வடிவமைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வேறு எங்கெல்லாம் தூசி பிடிக்கப் பயன்பட்டது?

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியான கிபோவுக்கு வெளியே, 2015இல் தொடங்கிய டான்போபோ ஆய்வில். சிபா பல்கலைக்கழகத்தில் செய்த அந்த ஓடுகளில் 0.01 கிராம் அடர்த்தியுள்ள மென்பகுதியைச் சுற்றி 0.03 கிராம் அடர்த்தியுள்ள பெட்டிபோன்ற பகுதி. மென்மையான ஏரோஜெல்லைத் தனியே ஏவினால் அதிர்விலேயே உடைந்துவிடும் என்பதற்கு இது அழகான தீர்வு.

வெப்பம், தூசி தவிர வேறு வேலை உண்டா?

உண்டு. 2011 முதல் விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஏஎம்எஸ்-02 கருவி அண்டக்கதிர்களின் வேகத்தை ஏரோஜெல் கொண்டு அளக்கிறது. ஓர் ஊடகத்தில் ஒளி செல்லும் வேகத்தைவிட மின்னூட்டத் துகள் வேகமாகப் போனால் செரன்கோவ் ஒளி எழும். ஒளிவிலகல் எண் 1.05 உள்ள ஏரோஜெல்லில் இது வெற்றிட ஒளிவேகத்தின் 95.2 விழுக்காட்டுக்கு மேல்தான் தொடங்கும். வாயுக்களுக்கும் திரவங்களுக்கும் இடைப்பட்ட இந்த ஒளிவிலகல் எண்ணைத் திடப்பொருளில் தருவது ஏரோஜெல் மட்டுமே. அடர்த்தியை மாற்றினால் எண்ணும் மாறும்.

நொறுங்குவதற்குத் தீர்வு கண்டுபிடிக்கவில்லையா?

மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, இழைப் பஞ்சுக்குள்ளேயே ஜெல்லை உறைய வைத்து உலர்த்தும் போர்வை. சுருட்டலாம், கத்தரிக்கலாம், மிகக் குளிர்ந்த எரிபொருள் குழாய்களைச் சுற்றலாம். குறை: கையாளும்போது தூள் உதிரும். ஒளியியல் கருவிக்கு அருகில் உறையிட்டு மூடாமல் வைக்கவே கூடாது. இரண்டு, சிலிக்கா உருண்டைகளின் மேல் மெல்லிய பாலிமர் பூச்சுக் கொடுத்துப் பிணைப்பது. வலு பெரிதும் கூடும், அடர்த்தியும் கடத்துதிறனும் கொஞ்சம் கூடும்.

மூன்றாவது, நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் உருவான பாலிஇமைடு ஏரோஜெல். சிலிக்காவே இல்லை. மெல்லிய தாளாக வார்த்தால் மடக்கலாம், கட்டியாகச் செய்தால் கார் ஏறினாலும் தாங்கும். மின்கடப்பு மாறிலி 1க்கு அருகில், அதாவது காற்றினுடையதற்குப் பக்கத்தில், இருப்பதால் லேசான ஆன்டெனாக்களுக்கு அடித்தளமாகவும் பொருந்தும். சுமார் 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் சுருங்கத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். அதற்கு மேல் சூடேறும் இடங்களுக்குச் சிலிக்காவே மேல்.

செவ்வாயில் பயிர் வளர்க்க ஏரோஜெல் உதவும் என்கிறார்களே?

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு அது. 2 முதல் 3 சென்டிமீட்டர் சிலிக்கா ஏரோஜெல் அடுக்கு, ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான ஒளியை உள்ளே விட்டு, புறஊதாக் கதிர்களைத் தடுத்து, அடியிலுள்ள பரப்பைச் சுமார் 50 டிகிரி கூடுதலாகச் சூடேற்றும் என்று ஆய்வகச் சோதனையும் கணிப்பும் காட்டின. முழுக்கோளையும் மாற்றாமல், பனி இருக்கும் சிறு பகுதியை மட்டும் நீர் உருகும் நிலைக்குக் கொண்டுவரலாம் என்பது எண்ணம்.

நல்ல யோசனைதான், ஆனால் அழுத்தக் குறைவை ஏரோஜெல் சரிசெய்யாது. தூசி படிந்தால் ஒளி குறையும். பல சதுர மீட்டர் அளவுக்கு விரிசலின்றி ஒளிபுகும் ஏரோஜெல்லைச் செய்வது பூமியிலேயே எளிதல்ல.

மாதிரித் துண்டு வாங்கினால் எப்படிக் கையாள்வது?

முதலில், நீர்விலக்கும் வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெத்தில் தொகுதிகள் பூசாத சிலிக்கா ஏரோஜெல்லில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அந்த இடம் உடனே சரிந்து வெள்ளையாகும், திரும்ப வராது. பூசிய வகையை நீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் காற்றில் 300, 400 டிகிரிக்குச் சூடேற்றினால் அந்தப் பூச்சு எரிந்து, அதுவும் நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

வெறும் கையால் தொட்டால் தோலின் ஈரத்தை உறிஞ்சி வறளச் செய்யும். ரப்பர் கையுறை போடுங்கள். வெட்டும்போதும் தூளாக்கும்போதும் முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். இது படிக வடிவமற்ற சிலிக்கா, படிகச் சிலிக்கா தரும் நுரையீரல் நோயோடு இதைக் குழப்ப வேண்டாம். என்றாலும் நுண்தூள் தொண்டையையும் கண்ணையும் உறுத்தும். மேலிருந்து சீராகப் பரவும் எடையை நன்றாகத் தாங்கும், முனையில் படும் விசையையும் வளைப்பையும் தாங்காது. ஓரத்தைக் கிள்ளித் தூக்காமல், தட்டையான அட்டையை அடியில் நுழைத்து எடுங்கள். மூடிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும்.